கட்டு ஏறாத மூன்று நாள்

பொய் சொல்லச் சொன்னவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் கண்டக்டரையோ அந்தப் படித்த பெண்ணையோ திட்ட வேண்டாம்.

எங்கள் ஊருக்கு இருந்தது ஒரே ஒரு டவுன் பஸ். விடிகாலை ஐந்தே முக்காலுக்கு வந்து ஸ்ரீபெரும்புதூர் போகும். கம்பெனி பஸ்கள் நாள் முழுக்க எங்கள் ஏரிக்கரையை உரசிக்கொண்டு ஒரகடம் போகின்றன, ஏசி போட்டுக் கண்ணாடியை மூடிக்கொண்டு. எங்களுக்காக ஒன்றும் நிற்காது. என் பெண்டாட்டி கன்னியம்மாவோடு சேர்த்து ஒன்பது பொம்பளைகள் கீரைக்கட்டையும் கத்திரிக்காய்க் கூடையையும் டவுன் பஸ்ஸில்தான் ஏற்றிக்கொண்டு போவார்கள். மார்க்கெட் வாசலில் விற்றுவிட்டுப் பத்து மணிக்குத் திரும்புவார்கள். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சாமானுக்கு உண்டு. கண்டக்டர் பழனிவேல் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டான். அவன் வீட்டுக்கும் முளைக்கீரை போய்க்கொண்டிருந்தது.

போன தை மாதம் சுபஸ்ரீ என்று ஒரு பெண் வந்தாள். சென்னையில் ஏதோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாம். இந்தப் பக்கத்து ஜனமும் சரக்கும் எப்படிப் போகிறது, எப்படிப் போனால் நல்லது என்று பார்க்கிறார்களாம்.

"மூணு நாள் நான் உங்க பஸ்லயே வருவேன் தாத்தா. யார் ஏறுறாங்க, என்ன ஏத்துறாங்கன்னு எண்ணணும். பின்னாடி சீட்டை எடுத்துட்டு கூடை வைக்க இடம் பண்ணலாமான்னு பாக்கறோம்."

"சீட்ட எடுத்துட்டா யார் மடியில குந்தறது?" என்றேன்.

சிரித்தாள். எண்ண வருகிறவர்கள் எல்லோரும் சிரித்த முகத்தோடுதான் வருகிறார்கள். இருபது வருடத்துக்கு முன்பு நோட்டோடு வந்தவர்களும் சிரித்தார்கள். கிணறு எத்தனை, பனை எத்தனை என்று கேட்டார்கள். மோர் கொடுத்து, கூடவே நடந்து காட்டினேன். அடுத்த வருடம் எல்லாவற்றையும் கம்பெனிக்கென்று எடுத்துக்கொண்டார்கள். கிணறும் இல்லை, பனையும் இல்லை, என் ஒன்றரை ஏக்கரும் இல்லை. இப்போது ஏரிக்கரையில் அடுத்தவன் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கீரை போடுகிறேன்.

அன்று மதியம் பழனிவேல் போன் பண்ணினான். "பெர்சு, மூணு நாளைக்கு லக்கேஜே வேணாம்பா. அந்தப் பொண்ணு எண்ணி எழுதிட்டா, இத்தினி நாள் டிக்கெட் போடாம இன்னா கிழிச்சேன்னு என் சீட்டக் கிழிச்சிருவானுங்க."

பொம்பளைகளைத் தண்ணி டேங்க் அடியில் கூப்பிட்டுச் சொன்னேன். மூன்று நாளும் கட்டெல்லாம் லோடு ஆட்டோவில் போகட்டும், யாரும் வாயைத் திறக்கக்கூடாது.

சின்னப்பொண்ணு மட்டும் ஒப்பவில்லை. புருஷன் இல்லாதவள். கத்திரிக்காயை வைத்தே இரண்டு பெண்களைப் படிக்க வைத்தவள். "நல்லதுக்குத்தான் கேக்குது மாமா அந்தப் பொண்ணு. கூடைக்கு எடம் தரேங்குதே."

"எடம் குடுப்பான். அப்பால எடத்துக்குக் காசு கேப்பான். பனைய எண்ணிக்கினு போனானுங்களே, மறந்துட்டியாமே?"

அடங்கிவிட்டாள். என் பேச்சுக்கு அன்று அவ்வளவு மதிப்பு.

கட்டு இல்லாதவளுக்கு பஸ்ஸில் என்ன வேலை? மற்றவர்கள் வீட்டிலேயே இருந்துகொண்டார்கள். கன்னியம்மாவும் சின்னப்பொண்ணும் மட்டும் மார்க்கெட்டில் சரக்கை இறக்கி விற்பதற்காக வெறுங்கையோடு ஏறினார்கள். முதல் நாள் அந்தப் பெண் எங்கே போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். கோயிலுக்கு என்றாளாம் கன்னியம்மா. மறுநாளும் கேட்டதற்கு மறுநாளும் கோயில்.

"சாமான் ஏதாவது கொண்டு போவீங்களா ஆயா?"

"எம்பெருமானுக்கு எதுக்கும்மா சாமான்? அவரே பெரிய பணக்காரர்."

வீட்டுக்கு வந்து அவள் சொன்னபோது வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஆடி மாதம் பஸ் நின்றது. ஒரு வாரம் பார்த்துவிட்டு டிப்போவுக்குப் போனேன். அங்கிருந்தவர் ஒரு தாளை எடுத்துப் படித்தார். "உங்க ஊர்ல சராசரியா ஏறுனது நாலு பேர். சரக்கு இல்ல. பெரும்பாலும் கோயிலுக்குப் போறவங்க. அந்த பஸ்ஸ சுங்குவார்சத்திரம் பக்கம் விட்டாச்சு பெரியவரே. அங்க ஒரு நாளைக்கு முப்பது கூடை ஏறுதாம். பின்சீட்டெல்லாம் எடுத்துக் குடுத்திருக்கோம்."

சுபஸ்ரீயின் நம்பரை வாங்கிப் பேசினேன். ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டாள். எங்கள் வீட்டில் உட்கார வைத்து நடந்ததையெல்லாம் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பாட்டுக்குக் கன்னியம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் என் கண்ணால பாத்ததைத்தான் எழுதினேன் தாத்தா."

"இப்ப வந்து எண்ணும்மா. ஒம்பது பேரையும் கட்டோட நிறுத்தறேன்."

"எதுல எண்ணுறது? பஸ்ஸே இல்லையே."

அவளே ஒரு வழி சொன்னாள். அன்றைக்குச் சரக்கை மறைத்தோம் என்று ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டால் அவளுடைய புரொபசரிடம் காட்டி, பஸ்ஸை ஒரு மாதம் ஓடவிட்டு மறுபடி எண்ணச் சொல்லிக் கேட்பாளாம். ஒருத்தர் இரண்டு பேர் போதாதாம்.

வீடு வீடாகப் போனேன். முதலில் சின்னப்பொண்ணு வீடு. அவள்தான் உடனே வருவாள் என்று நினைத்தேன்.

"பொய் சொன்னோம்னு நாங்களே எழுதிக் குடுக்கணுமா? இத்தினி வருஷ லக்கேஜுக்கும் சேத்துக் கேட்டா நீ கட்டுவியா மாமா?"

"அதெல்லாம் கேக்க மாட்டாங்க. அது நல்ல பொண்ணு."

"நல்ல பொண்ணா? எப்பத்துலேர்ந்து?" என்றாள். "பழனிவேலு வேல போச்சுன்னா அவன் பொண்டாட்டி வந்து எங்க வூட்டு வாசல்ல நிப்பா. உன் பேச்சக் கேட்டு ஒரு தபா வாய மூடினோம். மறுபடி உன் பேச்சக் கேட்டுத் தொறக்கச் சொல்றியா?"

மற்ற வீடுகளில் அவ்வளவுகூடப் பேசவில்லை. ஒருத்தி கதவைச் சாத்தினாள். இன்னொருத்தி, புருஷனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். புருஷன் உள்ளேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

நான் திரும்பி வந்தபோது அந்தப் பெண் எழுதி வைத்திருந்த தாளில் ஒரே ஒரு கையெழுத்து இருந்தது. கன்னியம்மா எழுத்துக் கூட்டிக் கூட்டிப் போட்டது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "முயற்சி பண்றேன் ஆயா" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

சின்னப்பொண்ணு கத்திரிச் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவுகிறாள். ஏசி பஸ் அவளுக்காக இப்போது ஊர் முனையில் நிற்கிறது. கன்னியம்மா கீரையை விடவில்லை. மெயின் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர். ஒரு கட்டை அவள் தலையில் வைத்துக்கொள்கிறாள், இன்னொன்றை நான் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறேன். அதற்கு மேல் அறுப்பதில்லை. தூக்க முடியாது. ஷேர் ஆட்டோக்காரன் மற்ற ஆட்களை ஏற்றிக்கொண்டு, எங்கள் கட்டைப் பார்த்ததும் வண்டியை எடுத்துவிடுவான். அடுத்த வண்டி வரும் வரை நிற்போம். மூன்று கிலோமீட்டரும் அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை.