சப்பரத்துப் பூவும் முகாமின் அதிகாரமும்

உவரிக்குத் தெற்கே உள்ள எங்கள் கடற்கரை ஊரில், மாதா சப்பரம் தெருவுக்கு வரும்போது ட்ரோனில் இருந்து பூத்தூவும் வேலை இந்த வருடம் உள்ளூரிலேயே ட்ரோன் தொழில் செய்யும் ஜாய்சிக்குக் கிடைத்தது. இதுவரை பாளையங்கோட்டை ஸ்டுடியோக்காரர்கள்தான் வந்து செய்தார்கள். உள்ளூர்ப் பெண் சொதப்பினாள் என்று பேச்சு வந்துவிட்டால் அதோடு அவள் தொழில் படுத்துவிடும்.

சப்பரத்தன்று மதியம் ஒத்திகை பார்த்தாள். அவள் கணவன் ரேமண்ட் படகுக்காரன். அலையைப் பார்த்தே காற்றைச் சொல்லிவிடுவான். அன்றும் சொன்னான்.

"காத்து பையத்தான் அடிக்கு. தைரியமா விடு."

படகுக்கு அது சரி. பனை உயரத்துக்கு மேலே காற்று வேறு மாதிரி வீசும் என்பது அந்த மகாராசனுக்குத் தெரியவில்லை. ட்ரோன் இழுத்துக்கொண்டு போய் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கடற்படை முகாமின் வேலியைத் தாண்டியது. அடியில் கறுப்புத் துணியில் ஒரு மூட்டை வேறு தொங்கியது. வெடிகுண்டு என்று நினைக்காமல் என்ன செய்வார்கள்? சிக்னலை முடக்கித் தரையிறக்கிவிட்டார்கள்.

இருவரும் முகாம் வாசலுக்கு ஓடினார்கள். அதிகாரி ஹரீஷ் கல்லிடைக்குறிச்சிக்காரர், தன்மையானவர். சோதித்துவிட்டோம், வெறும் ரோஜா இதழ்தான் என்று சிரித்தார். ஆபத்தான ட்ரோனை வீழ்த்தவும் பிடித்து வைக்கவும் முகாமுக்கு அதிகாரம் உண்டாம். திருப்பிக் கொடுப்பதைப் பற்றி மட்டும் உத்தரவில் ஒரு வரியும் இல்லையாம். மேலிடத்தில் கேட்க இரண்டு மூன்று நாள் ஆகும் என்றார். சப்பரமோ அன்று சாயங்காலம்.

ரேமண்ட் கெஞ்ச ஆரம்பித்தான். ஜாய்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சார், ஆபத்தானதைப் பிடிக்கத்தான உங்களுக்கு அதிகாரம்? இது ஆபத்து இல்லன்னு நீங்களே சொல்லுதீங்க. பெறவு எந்த அதிகாரத்துல வச்சிருக்கீங்க?"

ஹரீஷ் உத்தரவை எடுத்து மறுபடி படித்தார். உள்ளே போய் யாரிடமோ போனில் பேசினார். திரும்பி வரும்போது ட்ரோன் அவர் கையில் இருந்தது. பறக்கவிடும் முன் தனக்குச் சொல்ல வேண்டும், கோயில் தெருவைத் தாண்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லித் தன் நம்பரையும் கொடுத்தார்.

பொழுது சாயும் நேரம் சப்பரம் கிளம்பியது. ஜாய்சி ஹரீஷைப் போனில் அழைத்தாள்.

"சார், விடுதேன்."

"விடுங்கம்மா. நாங்களும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

இந்தத் தடவை ட்ரோனைப் பனை உயரத்துக்குக் கீழேயே நிறுத்தினாள். பூ மாதாவின் தலையிலும் தோளிலும் விழுந்தது. ஜாய்சி அழுதேவிட்டாள். சந்தோஷம்தான். அவள் கண்ணைத் துடைப்பதற்குள் திருவிழாக் கமிட்டித் தலைவர் டெனிஸ் அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அடுத்த வருடத்துக்கும் அவளேதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.