அண்ணனுக்காக விட்ட சர்க்கரை

மோகனப்பிரியா சர்க்கரையை விட்டு மூன்று வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. தொண்ணூற்றொரு கிலோ இருந்தவள் இன்று அறுபத்தாறு. வீட்டருகே ஈசூன் நிலையத்தில் ரயிலேறினால் ஆபீசுக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடப்பாள். பன்னிரண்டாவது மாடி வீட்டுக்குப் படியேறித்தான் போவாள். காப்பிக்கடையில் ‘தே ஓ கோசோங்’ என்று கேட்டு வாங்கி, பாலும் சர்க்கரையும் இல்லாத அந்தத் தேநீரைக் கஷாயம் மாதிரிக் குடிப்பாள். பாடுபட்டு இளைத்த உடம்பு. அதை யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த உடம்பைக் காவல் காத்தது ஒரு பொய்.

இதற்கு முன்னும் இரண்டு தடவை இளைத்திருக்கிறாள். இரண்டு தடவையும் தீபாவளிக்கு யாரோ வற்புறுத்தி ஊட்டிய ஒரே ஒரு குலாப் ஜாமூனில் எல்லாம் போயிற்று. ஒன்றோடு நிற்கத் தெரிந்த வாய் இல்லை அது. ஒன்று உள்ளே போனால் அடுத்த தீபாவளி வரை மூடாது.

நம்மவர்களிடம் இனிப்பு வேண்டாம் என்று சொல்லித் தப்பிப்பது லேசான காரியமா? டயட் என்றால் சிரிப்பார்கள். டாக்டர் சொன்னார் என்றால், எந்த டாக்டர் என்பார்கள். ஒரு நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது லா என்று வாயருகே கொண்டுவந்துவிடுவார்கள். வேண்டுதல் என்ற ஒரு சொல்லுக்குத்தான் நீட்டிய கை தானாகப் பின்வாங்கும். சாமி காரியத்தில் யார் கை வைப்பார்கள்?

அந்தச் சொல் அவள் வாயில் வந்தது ஒரு பொங்கல் அன்று. சர்க்கரையை விட்டு அப்போது ஐந்தாவது வாரம். பக்கத்து வீட்டு சரஸ்வதி அக்கா சர்க்கரைப் பொங்கலோடு கூப்பிட்டாள். அக்காவின் கணவர் கோவிந்தராசுவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவர்களுடைய அடுக்குமாடி புளோக்கில் எந்த விழா நடந்தாலும் மைக்கைப் பிடித்தால் விடாத மனிதர், வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய், சோபாவில் ஒரு மூலையில் கிடந்தார். அந்த வீட்டில் அழுது வீங்கிய கண்ணோடு ஒருத்தி பொங்கல் வைத்து நீட்டுகிறாள். எடை ஏறிவிடும் என்று எந்த முகத்தோடு சொல்வது?

“வேண்டுதல் அக்கா. சர்க்கரைய விட்டிருக்கேன்” என்றாள்.

யாருக்காக என்று அக்கா கேட்டாள். கேட்பாள் என்று இவள் யோசிக்கவில்லை. கோவிந்தராசு சோபாவிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணன் பேசணும்னு.”

சரஸ்வதி அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். கோவிந்தராசுவின் ஒரு கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மோகனப்பிரியாவும் அழுதாள். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்தவள் எடை இயந்திரத்தில் ஏறிப் பார்த்தாள். அரைக் கிலோ குறைந்திருந்தது. சொல்லவில்லை.

பிறகு அது அவள் கையை விட்டுப் போய்விட்டது. புளோக் முழுக்கப் பரவியது. கல்யாணங்களில் அவள் இலையில் இனிப்பு விழாமல் மற்றவர்களே கை வைத்து மறைத்தார்கள். அந்தப் பிள்ளை அண்ணனுக்காக உருகி இளைத்துவிட்டது என்றார்கள். இவள் புது அளவில் பாவாடை வாங்கி, கண்ணாடி முன் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பார்க்கும்போதெல்லாம் அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம் ‘மா... மா...’ என்று கோவிந்தராசு எழுத்துக் கூட்டுவது கேட்கும். கேட்டதும் கண்ணாடியை விட்டு நகர்ந்துவிடுவாள்.

போன மாதம் அவர் பேசிவிட்டார். லிஃப்ட் வாசலில் அவளைப் பார்த்து, நெற்றி நரம்பு புடைக்க, “மோ...கனா” என்றார். அதன்பின் பதினைந்து இருபது வார்த்தை வந்தது. வேண்டுதல் பலித்துவிட்டது, இனி அதை முறையாக முடிக்க வேண்டும் என்று சரஸ்வதி அக்கா நாள் குறித்தாள். வெள்ளிக்கிழமை, சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் அர்ச்சனை. அப்புறம் கோவிந்தராசு தன் கையாலேயே அவளுக்கு லட்டு ஊட்டுவார்.

அந்த வாரம் மோகனப்பிரியாவுக்குச் சோறு இறங்கவில்லை. லட்டுக்குப் பயந்தாளா, சாமிக்குப் பயந்தாளா என்று கேட்டால், இரண்டுக்கும்தான். லட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பயந்தாள் என்பதுதான் அவளுக்கே அவமானமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவிந்தராசுவைக் கோயில் மண்டபத்தில் உட்கார வைத்துவிட்டு, பூ வாங்கப் பெண்கள் இருவரும் வெளியே வந்தார்கள். பூக்கடையில் அக்கா மல்லிகைச் சரத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது இவள் சொல்லிவிட்டாள்.

“அக்கா, அது வேண்டுதல் இல்ல. எடை குறைக்கத்தான் விட்டேன். அன்னைக்கு வேணாம்னு சொல்ல எனக்குத் தெரியல. அண்ணன் பேரச் சொல்லித் தப்பிச்சிட்டேன்.”

அக்கா பூவை வாங்கினாள். காசு கொடுத்தாள். பையில் வைத்தாள். தெருவைக் கடந்து கோயில் வாசலுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றியபடிதான் வாய் திறந்தாள்.

“அவருகிட்ட சொல்லிடாத. தெரபிக்குப் போக மாட்டேன்னு எத்தன நாள் முரண்டு புடிச்சாரு தெரியுமா? ‘உங்களுக்காக அந்தப் பிள்ள வாயக் கட்டிக்கிட்டு இருக்கு, நீங்க வாயத் திறக்க மாட்டீங்களா’ன்னு கேப்பேன். ஒடனே சட்டையப் போட்டுக்குவாரு.”

மோகனப்பிரியாவும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

“நானும் டீய விட்டேன்” என்றாள் அக்கா. “பக்கத்து வீட்டுப் பொண்ணே விடறா, பொண்டாட்டி நான் ஒண்ணும் விடாம இருந்தா எப்படின்னு. அன்னைலேருந்து ஒரு வாய் குடிக்கல.”

காப்பிக்கடையில் எத்தனை காலை இவள் எதிரே உட்கார்ந்து அக்கா வெறும் வெந்நீர் குடித்தாள்! வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று மோகனப்பிரியா நினைத்திருந்தாள். ஏன் என்று ஒரு நாள் கூடக் கேட்டதில்லை. தன் டம்ளரில் சர்க்கரை விழாமல் பார்த்துக்கொள்வதிலேயே இருந்துவிட்டாள்.

அர்ச்சனை முடிந்தது. மண்டபத்தில் கோவிந்தராசு லட்டுப் பெட்டியைத் திறந்தார். அக்கா உதவிக்குப் போனதும் இடது கையால் தடுத்துவிட்டு, விளங்காத வலது கையை நீட்டினார். விரல்கள் லட்டைப் பிடிக்க அரை நிமிஷம் ஆயிற்று. பூந்தி உதிர்ந்து வேட்டியெல்லாம் விழுந்தது.

“மோ...கனா. சாப்...பிடு.”

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இந்த வாய்க்கு நெய் லட்டு கிடைத்தது. நெய்யும் ஏலக்காயும் கற்கண்டுமாக நாக்கில் கரைந்தது. வெட்கக்கேடு என்னவென்றால், ருசியாக இருந்தது. மூன்று வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த நாக்கு ஒரே நொடியில் எழுந்து உட்கார்ந்துகொண்டது. அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து கோவிந்தராசு கோணிய வாயோடு சிரித்தார். தன் முறைக்குத் தானும் ஏதோ கொடுத்துவிட்ட நிம்மதி அந்த முகத்தில் இருந்தது.

போதும் என்று கும்பிட்டாள். அவர் மறுபடி பெட்டிக்குள் கையை விட்டார். உதடு இரண்டு மூன்று தடவை வெறுமே அசைந்தது.

“இன்...னொண்ணு.”

மோகனப்பிரியா சரஸ்வதி அக்காவைப் பார்த்தாள். காப்பாற்று என்று கேட்கிற பார்வை. அக்காவின் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

“இது புது வார்த்த. இதுவரைக்கும் சொன்னதில்ல” என்றாள் அக்கா. “வாயத் திற.”

மோகனப்பிரியா வாயைத் திறந்தாள்.