இருபத்தேழு வினாடி

ஹாலிஸ் டக்கெட்டை நான் காப்பாற்றினேனா, கவிழ்த்தேனா? கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மண்டை காய்கிறது.

1938 ஜூன். சிகாகோவிலிருந்து மில்வாக்கிக்குப் போகும் விரைவு வண்டி. ஹாலிஸ் டிரைவர், நான் கொதிகலன் நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் ஃபயர்மேன். எண்ணெய் எரிக்கும் நீராவி எஞ்சின் என்பதால் கரி அள்ளும் பாடு இல்லை. உட்கார்ந்து வெளியே பார்க்கலாம்.

"எல்மர், கடிகாரத்த எடுடா! நாப்பத்தொண்ணாம் கம்பத்துலேர்ந்து அடுத்த கம்பம் வரைக்கும் எண்ணு!" என்று ஹாலிஸ் கத்தினார்.

எண்ணினேன். இருபத்தேழு வினாடி. மைலுக்கு ஒரு கம்பம். கணக்குப் போட்டால் மணிக்கு நூற்று முப்பத்துமூன்று மைல்! வேகமானியோ அன்று பார்த்து முள் சிக்கி நின்றிருந்தது.

எங்களுக்கு வரம்பு நூறு. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மனுஷன் இருந்தாரா? வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குக் கூடிய கூட்டத்தில், போட்டிக் கம்பெனியின் டீசல் வண்டிக்காரர்கள் காதில் விழும்படி முழங்கினார். "நூத்தி முப்பத்திமூணுடா! உங்க டப்பா இந்த ஜென்மத்துல அதைத் தொடுமா?" நான் வேறு பக்கத்தில் நின்று ஆமாம் போட்டேன்.

திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து ஓலை வந்துவிட்டது. வேக வரம்பு மீறல், விசாரணை. நிரூபணமானால் ஹாலிஸுக்கு வேலை போகும்.

அந்தப் பகுதித் தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்ளும் கேங்மேன் லூட்விக்கிடம் போய்ப் புலம்பினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட மடையா! அது முழு மைலே இல்லடா. வளைவ நேராக்கினப்போ அங்க கால் மைல் குறைஞ்சு போச்சு. கம்பத்த யாரு நகத்துறது? ஒண்ண நகத்துனா அதுக்கப்புறம் வர்ற அத்தனையும் நகத்தணும்ல."

முக்கால் மைலுக்கு இருபத்தேழு வினாடி என்றால் சரியாக நூறு. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஹாலிஸ் வீட்டுக்கு ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று.

"அது முழு மைல்தான்."

"அண்ணே, லூட்விக்கே சொல்றாரு. நீங்க தப்பிச்சீங்க!"

"இருபது வருஷமா அந்தப் பாதையில ஓட்டுறவன் நானா, அவனா? பொத்திக்கிட்டுப் போடா."

எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. இருபது வருஷமாக ஓட்டுகிறவருக்கு அந்த மைல் குட்டை என்று தெரியாமலா இருக்கும்? தெரிந்தேதான் அங்கே பார்த்து என்னை எண்ணச் சொன்னாரா? இல்லை, சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டாரா? வாசல் வரை வந்து அவர் மனைவி வெர்னா கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கிறுக்கன எப்படியாவது காப்பாத்துப்பா" என்று அழுதாள்.

விசாரணை அறையில் அதிகாரி முதலில் ஹாலிஸைத்தான் கேட்டார்.

"முழு மைல்தானா?"

"முழு மைல். நூத்தி முப்பத்திமூணு. எழுதிக்கோங்க."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அப்புறம் அதிகாரி என் பக்கம் திரும்பினார். ஹாலிஸும் என்னையே பார்த்தார். கெஞ்சுகிறாரா, மிரட்டுகிறாரா? பதினோரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவன், எனக்கே பிடிபடவில்லை. வெர்னாவின் முகம் நினைவுக்கு வந்தது.

"முக்கால் மைல்தாங்க ஐயா. வரைபடத்த எடுத்துப் பாருங்க" என்றேன்.

எடுத்துப் பார்த்தார்கள். முக்கால் மைல்தான். குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

வெளியே வந்து, நன்றி சொல்வார் என்று வெட்கங்கெட்டுக் காத்து நின்றேன். அவர் அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கோபப்படக்கூட இல்லை.

"வேலை போயிருந்தா, நூத்தி முப்பத்திமூணுல ஓட்டினவன்னு வீட்டுல உக்காந்திருப்பேன் எல்மர்" என்றார். "இப்ப, நூறுல ஓட்டிட்டுப் புளுகினவன்னு தினமும் வேலைக்கு வரணும்."