ரெக்ஸியின் வயிற்றுப் படம்

எங்கள் நாய் ரெக்ஸி மறுபடியும் முன்னறையில் கக்கி வைத்திருந்தது. மஞ்சள் நுரை, ஊறிப்போன சோறு, செரிக்காத ரொட்டித் துண்டு. பழைய துணியால் நான்தான் துடைத்தேன். துடைக்கும்போது சித்தி ஞாபகம் வந்தது. குமட்டல் அதனால்தான் அதிகமானது.

கஜலட்சுமி சித்தி, அழகர் சித்தப்பாவின் மனைவி. மஹய்யாவையில் எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் இருவரும் இருந்தார்கள். பிள்ளை இல்லை. போன மாதம் கிருஷாந்தன் அண்ணனின் குழந்தையைக் குளிப்பாட்டக் கழற்றி வைத்த அரைஞாணிலிருந்து வெள்ளித் தாயத்து காணாமல் போனது. அதற்குள் குழந்தையின் காய்ந்த தொப்புள்கொடி இருந்தது. பிள்ளை இல்லாதவள் அதை வாழைப்பழத்தில் வைத்து விழுங்கினால் கரு தங்கும் என்று எங்கள் ஆட்களிடம் ஒரு பேச்சு உண்டு. அம்மா கட்டிலுக்கு அடியில்கூடத் தேடவில்லை. நேரே சித்தியிடம் போனார்.

"முழுங்கிட்டியாடி?"

"சாமி சத்தியமா நான் தொடவே இல்லக்கா."

"அப்ப கக்கிக் காட்டு."

அம்மா ஒரு செம்பு நிறைய உப்புத் தண்ணீர் கரைத்தார். அண்ணி சித்தியின் தலையைப் பிடித்துக்கொண்டார். குளியலறையில் சித்தி குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். அம்மா குந்தி உட்கார்ந்து, விளக்குமாற்றுக் குச்சியால் அதைக் கிளறிக் கிளறிப் பார்த்தார். முன்னறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா டீவி சத்தத்தைக் கூட்டினார்.

"இல்ல. உள்ள போயிருச்சு" என்று அம்மா முடிவு சொன்னார். மறுநாள் சித்தி மடுல்கெல்லையில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறினார்.

ரெக்ஸி எலும்பும் தோலுமாக ஆன பிறகு கிருஷாந்தன் அண்ணன் அதை மிருக டொக்டரிடம் கொண்டுபோனான். தூக்கிப் பிடிக்க நானும் போனேன். டொக்டர் ஃபாஸில், அக்குறணைக்காரர். வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"கையால பாத்து ஒண்டும் சொல்லேலா தம்பி. எக்ஸ்ரே எடுப்போம். உள்ளுக்கு என்ன ஈக்குதுண்டு தெரியாம மருந்து குடுத்தா அது நாய்க்குச் செய்ற அநியாயம்."

பாரமான நீல ஏப்ரன் போட்ட ஒருவர் ரெக்ஸியை மேசையில் முதலில் பக்கவாட்டிலும், பிறகு மல்லாக்கவும் கிடத்தினார். எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். பிறகு டொக்டர் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் விலா எலும்புகள். வயிற்றுக்குள் சுண்டுவிரல் நுனியளவு ஒன்று பளீரென்று வெள்ளையாக இருந்தது. அதன் ஒரு பக்கத்தில் நூல் கோர்க்கிற சின்ன வளையம்.

"காத்து கறுப்பா விளங்கும். எலும்பு வெள்ளை. இது எலும்ப விட வெள்ளை, அப்ப உலோகம்தான். வயித்துல இருந்து குடலுக்குப் போற வாசல்ல போய் அடைக்குது. அதான் தின்டதெல்லாம் திரும்பி வருது. என்ன தம்பி, தெரிஞ்ச சாமானா?"

அண்ணன் ஃபோனில் அதைப் படம் எடுத்தான்.

"பாப்பாவோட தாயத்து" என்று நான் சொன்னேன்.

"தொப்புள்கொடி வெச்சதா? நாய்க்கு அது இறைச்சி வாசம், மகள். அது எப்பிடி விடும்?"

அன்றே வயிற்றைக் கீறி எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து ரெக்ஸியையும், பிளாஸ்டிக் உறையில் போட்ட தாயத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அம்மா உறையைப் பிரித்ததும் அழுகல் வாடை அடித்தது. அவர் மூக்கைக்கூடப் பொத்தவில்லை.

"வெள்ளி அப்பிடியே இருக்கு பாரு. புளி போட்டு வெளக்கிக் கட்டிறலாம்."

"சித்திக்கு சொல்லணுமே அத்த" என்றார் அண்ணி.

"சொல்லி என்னா? வந்தா வரட்டும், யாரு வேணாங்கறா."

"நாய் திங்கும்னு யாருக்குத் தெரியும்" என்றார் சித்தப்பா. அடுத்து, "டீ இருக்கா?" என்று கேட்டார்.

எனக்கு ரெக்ஸியின் வாந்தியைத் துடைத்தபோதுகூட இவ்வளவு அருவருப்பு வரவில்லை. அண்ணனின் ஃபோனை எடுத்து, அந்தப் படத்தைச் சித்திக்கு அனுப்பினேன். கீழே, "தாயத்து ரெக்ஸி வயிற்றில் இருந்தது" என்று மட்டும் எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் ஃபோன் அடித்தது. அண்ணன் அதில் சித்தியின் பேரைப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டு, சித்தப்பாவிடம் நீட்டினான். சித்தப்பா தொண்டையைச் செருமினார்.

"கஜா, படத்தப் பாத்தியா? எல்லாம் சரியாப் போச்சு. நாளைக்கு வந்து கூட்டிட்டு வர்றேன்."

"பாத்தேன்" என்றார் சித்தி. குரல் நிதானமாக இருந்தது. "நாய் வயித்துல என்னா இருக்குனு படம் புடிச்சுப் பாத்திருக்கீங்க. எனக்கு உப்பக் கரைச்சு ஊத்தி, குச்சி விட்டுக் கிளறுனீங்க."

"அக்கா ஏதோ பயத்துல…"

"அக்காவ விடுங்க. நீங்க டீவி சத்தத்தக் கூட்டுனீங்களே, அது எனக்கு உள்ள கேட்டுச்சு. வராதீங்க."

ஃபோன் நின்றது. சமையலறையில் அம்மா தாயத்தைத் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஈரக் கையோடு வந்து, "புள்ளயக் கொண்டா, கட்டிருவோம்" என்றார். புளியையும் மீறி அதில் அந்த வாடை இருந்தது.

நான் குழந்தையைக் கொடுக்கவில்லை. தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அம்மா பின்னாலிருந்து கத்திக்கொண்டிருந்தார். வாசலில் ரெக்ஸி, வயிற்றில் தையலோடு, கஞ்சியை நக்கிக் குடித்துக்கொண்டிருந்தது. கக்கவில்லை.