தையல்காரரின் எடை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்து சீட்டுக்காரன் தன் குடல்வரைக்கும் உருவிக் காட்டுகிறான். ஒரே ஒரு விஷயத்தைப் பதினொரு வருஷம் வெளியே சொல்லாமல் வைத்திருந்த தையல்காரரின் எடையோ இருநூற்று நாற்பது கிலோ ஆகியிருந்தது. ஆள் பார்க்க ஈர்க்குச்சி. இடுப்பளவு முப்பது, தானே அளந்து தைத்துக்கொண்ட கால்சட்டை, அதில் பொய் இல்லை. எல்லை தாண்டி வந்த அன்று ஐம்பத்திரண்டு கிலோ என்று அகதி அட்டையில் எழுதியிருக்கிறது. ஊரார் அளவையெல்லாம் கண்பார்வையிலேயே சொல்கிற மனுஷனுக்குத் தன் அளவு தெரியாமல் போனதுதான் கூத்து.

முதலில் மகள் வீட்டு நாற்காலி முறிந்தது, பிறகு கட்டில். லிஃப்ட் அவரைக் கண்டதும் கூவிற்று, பிறகு ஒரேயடியாக நின்றுபோயிற்று. மருமகன் தரையில் பலகை பரப்பினார். ஒருநாள் கீழ்வீட்டுக்காரரின் டீயில் கூரைக்காரை விழ, வீட்டுச் சொந்தக்காரர் மூன்று மாதம் கெடு வைத்தார். கிழவர் ஊருக்கு வெளியே இருக்கும் காப்பகத்துக்குப் போக வேண்டும், இல்லையென்றால் குடும்பமே காலி செய்ய வேண்டும். மகளைப் பிரிந்தால் தனக்கு ஒரு வாய் சோறு இறங்காது என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்வாரா? "காப்பகத்துல காத்தோட்டமா இருக்கும்" என்றார்.

மகள் அவரை அகதிகளுக்கான ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். என்ன தொந்தரவு என்று டாக்டர் கேட்க, மனசு பாரமா இருக்கு என்றார். மொழிபெயர்ப்பாளர் வேறு தேசத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். பாரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மனசை விட்டுவிட்டார். டாக்டர் எண்ணெயை நிறுத்தச் சொல்லி எழுதிக்கொடுத்தார். ஒரு மாதம் அவித்த காயைத் தின்றதில் இடுப்பு இருபத்தெட்டானது, எடை ஒன்பது கிலோ ஏறியது.

"உடம்புல இல்லைங்க, இங்க" என்று மகள் நெஞ்சைத் தொட்டுக் காட்டியபோது மொழிபெயர்ப்பாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார். டாக்டர் மனநல ஆலோசனை என்று எழுதியிருந்த பக்கத்து அறையைக் காட்டினார்.

"நான் என்ன பைத்தியமா?"

"பிரஷர் பாக்குற அதே வரிசைதான்ப்பா, அதே டோக்கன்தான். எவனுக்குத் தெரியப்போகுது? போங்க."

அங்கே ஓர் அம்மா இருந்தார். தையல்காரருக்காக முற்றத்திலிருந்து இரும்பு பெஞ்சைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். நாலு வாரம் அவர் நூல் விற்கிற விலையைத் திட்டினார்; அந்த அம்மாவின் கோட்டுத் தையலைப் பார்த்து, இதைத் தைத்தவன் கையை ஒடிக்கணும் என்றார். அதையும் மொழிபெயர்ப்பாளர் விடாமல் சொன்னார். ஐந்தாவது வாரம், வரும்போது என்ன கொண்டுவந்தீர்கள் என்று அந்த அம்மா கேட்டார்.

"மெஷின். பன்னெண்டு கிலோ." பெஞ்சு விளிம்பை விரலால் அளந்தார். "அண்ணனால நடக்க முடியாது. மெஷினைத் தூக்கிக்கடா, அதுதான் சோறு போடும்னு அவரே சொன்னாரு. வேண்டாம்ணேன்னு நான் ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லலம்மா."

வெளியே தராசு நூற்றெண்பது காட்டியது.

தான் கிளம்புவதற்கு முன்னாடியே பெரியப்பா கண்ணை மூடிவிட்டார் என்றுதான் மகளிடம் சொல்லிவைத்திருந்தார். அன்று சாயங்காலம் உள்ளதைச் சொன்னார். அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு சட்டையை மடியில் போட்டு, பொத்தான் தைத்துத் தரச் சொன்னாள். அன்றைக்கு நாற்பது கிலோ இறங்கியது. அதற்குப் பிறகும் வாராவாரம் இறங்கிக்கொண்டே வந்தது. கெடு முடிகிற நாளில் வீட்டுக்காரர் தானே ஒரு தராசைச் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். அறுபது. இது போதும் என்று மூச்சு வாங்கியபடியே இறங்கிப்போனார். மிச்ச எட்டு கிலோ அதற்கப்புறம் அசையவேயில்லை. அது அண்ணன் பங்கு, இருக்கட்டும் என்று தையல்காரரும் விட்டுவிட்டார்.

வெளியே சொன்னதால் குறைந்தது என்றார் அந்த அம்மா. "பேச்சுல எங்கேம்மா எடை இருக்கு? உங்க தராசுல ஸ்பிரிங் போயிருக்கு, பாருங்க" என்று தையல்காரர் சொல்லிவிட்டு, அடுத்த செவ்வாய் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தார்.