சிவப்புத் துணி கட்டிய கூடை

"பொடி தூவ இனிமே நான் போவ மாட்டேன் மாமி" என்று ஹாஜிரா சொன்னபோது, அவள் மாமியார் பத்ருன்னிசா வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். கிள்ளிய காம்பைத் தரையில் போட்டுவிட்டு மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். நாலு மாத வயிறு இன்னும் வெளியே தெரியவில்லை. தெரிந்திருந்தால் மட்டும் அந்தப் பார்வை மாறியிருக்கும் என்று சொல்வதற்கில்லை.

"இன்னாடி புதுசா பேசறே? நீ போவாட்டி யாரு போவா? மழை புடிச்சிக்கிச்சு. ரெண்டு நாள் உட்டா எறா பூரா வண்டு வெச்சிடும்."

"கை எரியுது மாமி. உள்ள போனாலே தலை சுத்துது. போன தபாவும் இப்டித்தான் ஆரம்பிச்சுது..."

"போன தபா உன் வயிறு தாங்கல. அதுக்கு எம் பொடி இன்னா பண்ணும்? சர்க்காரே ஊடு ஊடா வந்து கொசுவுக்கு மருந்து அடிச்சிட்டுப் போவுது. அதனால இந்த ஊர்ல எவளும் புள்ள பெறாமயா கீறா? ராசி கெட்டதுங்களுக்குப் பேச்சுக்கு மட்டும் கொறச்சலே இல்ல."

அதோடு பேச்சு முடிந்தது. எதில் ஆரம்பித்தாலும் பத்ருன்னிசா அந்த ராசியில்தான் கொண்டுவந்து முடிப்பாள்.

பழவேற்காட்டில் அந்தக் குடும்பத்துக்குக் கருவாட்டு வியாபாரம். ஏரியில் பிடிபடும் இறாலை வாங்கிக் காயவைத்து, வீட்டின் பின்கட்டிலிருந்த கிடங்கில் கூடை கூடையாக அடுக்கி வைப்பார்கள். பத்ருன்னிசாவின் மகனும் ஹாஜிராவின் கணவனுமான நூர் முகம்மது அவற்றை வண்டியில் ஏற்றிப் பொன்னேரிச் சந்தைக்குக் கொண்டுபோவான். அங்கிருந்து ரயிலில் வெளியூருக்கும் அனுப்புவான். ஐம்பத்து மூன்றாம் வருஷத்து மழையில் கிடங்குச் சரக்கு மொத்தத்தையும் வண்டு அரித்துத் தூளாக்கிவிட்டது. அதற்குப் பிறகுதான், வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்துப் பொடி மூட்டையாக வீட்டுக்குள் வந்தது.

பொடியைப் பழைய மல் துணியில் பொட்டணமாகக் கட்டிக்கொள்ள வேண்டும். கூடையில் ஒரு அடுக்கு இறால், அதன்மேல் பொட்டணத்தால் நாலு தட்டு, மறுபடியும் ஒரு அடுக்கு. காற்றடித்தால் பொடி வீணாகும் என்று ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். உள்ளே வெள்ளையாக ஒரு மூட்டம் எழும்பி நிற்கும். அந்த மூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து தட்டுவது, கலியாணமாகி வந்த நாள் முதல் மருமகளின் வேலை.

வீட்டுக்கு வேண்டிய இறாலை மட்டும் பொடி படாமல் தனிக் கூடையில் எடுத்துவைத்து, அடையாளத்துக்கு அதன் காதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டியிருந்தார்கள். குழம்புக்கு அதிலிருந்துதான் எடுப்பார்கள். மற்ற கூடையில் யாரும் கைவைக்க மாட்டார்கள். ஏன் என்று பேசவும் மாட்டார்கள். ஊரார் வாய்க்குப் பொடி போட்டது, தன் வாய்க்குப் பொடி போடாதது. பத்ருன்னிசா இதற்குக் கெட்டிக்காரத்தனம் என்று பேர் வைத்திருந்தாள். வேறு பேர் வைக்க அந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் இல்லை.

கிடங்கில் எலி பிடிக்க ஒரு சாம்பல் நிறப் பூனை இருந்தது. போன வருஷம் அது பொடி மூட்டைமேல் படுத்துப் புரண்டு உடம்பை நக்கியது. அன்று சாயங்காலம் முருங்கை மரத்தடியில் காலை உதறி உதறிச் செத்துப்போனது. "எதையோ தின்னுட்டு வந்துகீது" என்றாள் பத்ருன்னிசா. ஆனால் அதற்குப் பிறகு அவள் கிடங்குக்குள் கால் வைக்கவேயில்லை. எதுவானாலும் வாசற்படியில் நின்றபடியே குரல் கொடுத்தாள்.

அந்தப் பூனை செத்த அதே மழைக்காலத்தில்தான் ஹாஜிராவின் முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் கலைந்தது. பொடியால்தான் போயிற்றா, வேறு எதனாலுமா, அது அல்லாவுக்குத்தான் தெரியும். ஆனால் அவள் கை அந்த எரிச்சலை மறக்கவில்லை, மூக்கு அந்த நெடியை மறக்கவில்லை. இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும். உலகத்தில் அவளுக்கு இப்போது வேண்டியது அது ஒன்றுதான். பிறந்த வீட்டுக்குப் போய்விடலாம் என்றால் பொன்னேரியில் தாய் இல்லை. தெருத் தெருவாகத் துணி விற்கும் தகப்பன் மட்டும்தான் இருந்தான்.

நூர் முகம்மதுவிடம் சோறு போடும்போது சொல்லிப் பார்த்தாள்.

"அம்மாகிட்ட வாய் குடுத்துப் பேஜாரு பண்ணிக்காதே" என்றான் அவன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "இந்த மழை முடியறவரைக்கும் சமாளி."

"மழை முடியறதுக்குள்ள இதுவும் போய்ட்டா?"

"ஏன் வாயால சொல்றே?" என்று எரிந்து விழுந்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோனான். நல்ல மனுஷன்தான், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. தாய்க்கு எதிரில் மட்டும் அவனுக்கு முதுகெலும்பு இருந்த இடம் தெரியாது.

ஹாஜிரா மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மறுபடியும் கிடங்குக்குள் போனாள். அன்று இரண்டு கூடைக்குமேல் தட்ட முடியவில்லை. வெளியே வந்து வாந்தி எடுத்தாள். "நடிப்பு" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

மறுநாள் பத்ருன்னிசாவின் மகள் சைதா தலைப்பிரசவத்துக்கு வந்து இறங்கினாள். செவ்வாப்பேட்டை ஸ்டேஷன் பக்கம் மளிகைக்கடை வைத்திருந்தவனுக்குக் கட்டிக் கொடுத்த பெண். ஏழு மாத வயிறோடு பொன்னேரி வரைக்கும் ரயிலிலும் அப்புறம் மாட்டு வண்டியிலும் வந்ததில் முகம் வாடியிருந்தது. பத்ருன்னிசா ஆளே மாறிப்போனாள். தலையணை வைத்தாள், கால் பிடித்துவிட்டாள், ஆட்டுக்கால் சூப்புக்கு ஆள் அனுப்பினாள். அந்தக் குரலில் இவ்வளவு சர்க்கரை இருக்கும் என்று ஹாஜிராவுக்கு அதுவரைக்கும் தெரியாது.

சைதா கால் கழுவச் செம்பில் வெந்நீர் எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தவள், உள்ளே பேச்சுக் கேட்டு வாசலிலேயே நின்றாள்.

"ஊட்ல எங்க வேணா போ, வா. பின்னாடி கெடங்கு பக்கம் மட்டும் தலை காட்டாதே. அந்தப் பொடி வாசனை வயித்துப் புள்ளைக்கு ஆவாது. தெரிஞ்சுதா?"

"ஏம்மா, அண்ணி தெனம் உள்ளதானே..."

"அவளுக்கு இன்னா, கல்லு மாதிரி ஒடம்பு. நீ சொன்னதக் கேளு."

அப்படியானால் மாமிக்குத் தெரியும். இன்று நேற்றல்ல, போன வருஷமே தெரியும். தெரிந்துதான் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார வைத்தாள். பிள்ளை போனதும் ராசி கெட்டவள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தாள். அந்த வெந்நீரை மாமியார் தலையில் கொட்ட வேண்டும் போலிருந்தது ஹாஜிராவுக்கு. செம்பைச் சத்தம் வரக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். இவ்வளவு வெறுப்பை மனசில் வைத்துக்கொண்டு ஒருத்தியால் நடக்கவும் முடிகிறதே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வீடு கண்ணயர்ந்த நேரம். தெருவில் நூர் முகம்மது வண்டியில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தான். கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஹாஜிரா, சரக்கு ஏற்றப் பூட்டைத் திறந்து சாத்திவைத்திருந்த கிடங்குக் கதவு ஒருக்களித்திருப்பதைப் பார்த்து எழுந்துபோனாள்.

உள்ளே சைதா கூடை ஓரமாகக் குந்தியிருந்தாள். மடி நிறையக் காய்ந்த இறால். ஒவ்வொன்றாக எடுத்து வெறும் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க அண்ணி" என்று சிரித்தாள். "நாக்கு கேக்குது. மாமியார் ஊட்ல கருவாடே கண்ல காட்றதில்ல. இங்க பாருங்க, எவ்ளோ பெரிய பெரிய எறா!"

பெரிய இறால்தான். முதல் தரச் சரக்கு. முந்தின நாள் ஹாஜிரா தன் கையாலேயே அடுக்கிப் பொடி தட்டிய கூடை. அதன் காதில் சிவப்புத் துணி இல்லை. அந்த வழக்கம் வருவதற்கு முன்பே கலியாணமாகிப் போனவளுக்கு அது எப்படித் தெரியும்?

ஒரு நொடி ஹாஜிராவுக்கு, தின்னட்டும் என்று தோன்றியது. தாயும் மகளும் படட்டும், அப்போது ராசியைப் பற்றிப் பேசட்டும் என்று தோன்றியது. சைதா அடுத்த இறாலை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். அவளுடைய வயிறு முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

ஹாஜிரா பாய்ந்துபோய் அந்தக் கையில் ஓங்கி அடித்தாள். இறால் நாலா பக்கமும் சிதறியது. சைதா போட்ட அலறலில் பத்ருன்னிசா தலைமுடி அவிழ ஓடி வந்தாள். நூர் முகம்மதுவும் தெருவிலிருந்து ஓடி வந்தான். முற்றத்தில் ஒதுங்கி நின்று அழுத மகளைப் பார்த்ததும் தாய்க்குக் கண் மண் தெரியவில்லை.

"அடிப்பாவி! வயித்துப் புள்ளக்காரிய அடிக்கிறியா? உனக்குத் தங்கலன்னு எம்மவ புள்ளைய நாசம் பண்ணப் பாக்கறியா? நூர், இவள இப்பவே கொண்டும்போய் அவ அப்பன்கிட்ட தள்ளிட்டு வா!"

"ஹாஜிரா, இன்னா பண்ணே நீ?" என்று நூர் முகம்மது கையை ஓங்கினான்.

"எறா தின்னேன் அண்ணா" என்று விம்மினாள் சைதா. "அதுக்குப் போய் அடிச்சிட்டாங்க."

"எம்மவ ஆசைக்கு நாலு எறா தின்னா உனக்கு இன்னாடி கொள்ளை போச்சு? உங்கப்பன் ஊட்டு எறாவா? தின்னுவா, கூடையோட தின்னுவா!"

ஹாஜிரா பின்வாங்கவில்லை. "எந்தக் கூடைலருந்துன்னு கேளுங்க மாமி."

பத்ருன்னிசா மகளைப் பார்த்தாள். சைதா கிடங்குக்குள் கையைக் காட்டினாள். "அதோ, பெரிய எறா கூடை."

பத்ருன்னிசா வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். கூடையின் காதைப் பார்த்தாள். அதில் சிவப்புத் துணி இல்லை.

"துப்புடி!" என்று கத்தினாள். "துப்பு! துப்பித் தொலை!" மகளின் வாய்க்குள் விரலைவிட்டுத் தோண்டினாள். கையைப் பிடித்துத் தரதரவென்று கிணற்றடிக்கு இழுத்துப்போனாள். வாயைக் கொப்பளிக்க வைத்தாள், மறுபடியும் கொப்பளிக்க வைத்தாள். வாந்தி எடுக்கச் சொல்லி முதுகில் குத்தினாள். சைதா எடுத்தாள். பிறகு சீயக்காயைப் போட்டு அவள் கை, விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தோல் சிவக்கும்வரை தேய்த்துக் கழுவினாள். "யா அல்லா, யா அல்லா" என்று வாய் ஓயவில்லை.

நூர் முகம்மது ஓங்கிய கையைக் கீழே போட்டிருந்தான். தாய் கழுவுவதையே பார்த்துக்கொண்டு நின்றான். பூனை செத்ததும் போன வருஷம் பிள்ளை கலைந்ததும் அவனுக்கு இப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்தன போலும். முகம் செத்துப்போயிருந்தது.

"வெறும் கொசு மருந்துதானே மாமி?" என்றாள் ஹாஜிரா. குரல் உயரவில்லை. "சர்க்கார் அடிக்கிறதுதானே? ஏன் இந்தக் கழுவு கழுவறீங்க?"

பத்ருன்னிசா மகளின் விரலைத் தேய்த்துக்கொண்டேயிருந்தாள்.

"சைதா தின்னது கொஞ்சந்தான். சந்தைல வாங்கிக்கினு போறவ சட்டி நெறைய ஆக்கித் தின்னுவா. அவளுக்கும் வயிறு இருக்கும்."

ஹாஜிரா கிணற்றடிக்கு வந்து மாமியாரின் முன்னால் குந்தினாள். தன் இரண்டு கையையும் செம்புக்குக் கீழே நீட்டினாள். விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. வெடிப்புக்குள் வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்தது.

"எனக்கும் ஊத்துங்க. போன வருஷம் ஊத்தல."

மகள் பார்த்துக்கொண்டிருந்தாள், மகன் பார்த்துக்கொண்டிருந்தான். ஊற்றாமல் இருக்க முடியவில்லை. ஊற்றினாள். மருமகளின் முகத்தைப் பார்க்காமல், செம்பு காலியாகும்வரை ஊற்றினாள்.

ஹாஜிரா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். இடுப்பிலிருந்த கிடங்குச் சாவியை அவிழ்த்து மாமியாரின் மடியில் போட்டாள். எழுந்து, வயிற்றில் ஒரு கையை வைத்தபடி வீட்டுக்குள் போனாள்.

தெருவிலிருந்து வண்டிக்காரன் குரல் கொடுத்தான். இன்னும் தட்டாத கூடைகள் உள்ளே பாக்கி இருந்தன.

"இப்ப யாரும்மா பொடி போடறது?" என்று கேட்டான் நூர் முகம்மது.

பத்ருன்னிசா மடியிலிருந்த சாவியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.