ஏழு சிவப்பு அம்புகள்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மனைவி எழிலரசி செப்டம்பரில் கிளாஸ்கோவுக்குப் போய், எங்கள் ஒரே மகள் பூரணியோடு ஆறு வாரம் இருந்துவிட்டு வந்தாள். வந்ததிலிருந்து இதை நான்கு முறை சொல்லிவிட்டாள். முதலில் எனக்கு. பிறகு பக்கத்து வீட்டு வஜீதாவுக்கு, காட்பாடியில் என் தங்கைக்கு, கடைசியாக அவள் வேலை பார்த்த ஷூ கம்பெனியின் பழைய தோழிகளுக்கு. நான்கு முறையும் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு முறையும் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான்காவது முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் கோவிந்தராஜ். ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். சிறுபத்திரிகைகளில் பதினோரு கதைகள் வந்திருக்கின்றன. கிளாஸ்கோவுக்கு நான் போகவில்லை. தெருவில் எல்லோரிடமும் "லீவு கெடைக்கல" என்று சொல்லிவைத்தேன். பொய். விமானம் ஏற எனக்குப் பயம். ஆகவே இது நான் பார்க்காத ஊர், நான் நனையாத மழை. ஜாக்கிரதையாகப் படியுங்கள்.

2

முதல் தொடக்கம்:

கிளாஸ்கோ நகரத்தின் மேல் மேகங்கள் சாம்பல் நிறக் கம்பளியைப் போல

(விட்டுவிட்டேன். மேகத்துக்குக் கம்பளி போர்த்தாத எழுத்தாளர் உண்டா?)

இரண்டாம் தொடக்கம்:

அன்று காலையிலிருந்து கிளாஸ்கோவில் அடைமழை கொட்டிக்கொண்டிருந்தது.

இதை எழிலரசியிடம் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவேயில்லை.

"அங்க கொட்டாதுங்க. தூவும். குடைய மேல புடிச்சிக்கினு நின்னா பக்கத்துலேர்ந்து வரும். நாள் பூரா தூவிக்கினே இருக்கும். நம்மூரு மழை மாதிரி கோவமெல்லாம் கெடையாது அதுக்கு."

எனவே மூன்றாம் தொடக்கம், அவள் வாயிலிருந்து அப்படியே:

அன்று காலையிலிருந்து கிளாஸ்கோவில் கோபமில்லாத மழை தூவிக்கொண்டிருந்தது. அம்மாவும் மகளும் ஊருக்குக் கொண்டுபோகச் சாமான் வாங்கக் கிளம்பினார்கள். அப்பாவுக்கு ஸ்வெட்டர், வஜீதாவின் பேத்திக்குக் குல்லாய், தெருவுக்குச் சாக்லேட். அம்மாவின் செருப்பு பத்தாவது நிமிடமே ஊறிப்போனது.

இது இருக்கட்டும்.

3

கதை நகர்வதற்கு முன்னால் நீங்கள் அம்புகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எழிலரசி இருபத்தொன்பது வருடம் ஷூ கம்பெனியில் இருந்தாள். அதில் பத்தொன்பது வருடம் செக்கிங். முடிந்த ஷூவை எடுப்பாள், வளைப்பாள், கட்டைவிரலால் முனையை அழுத்துவாள், ஜோடியை மேஜையில் நிறுத்திக் குதிகால் உயரம் சமமா என்று பார்ப்பாள். தையல் தவறியிருந்தால், பசை வழிந்திருந்தால், தப்பு எங்கே என்று காட்ட அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். அம்பு ஒட்டிய ஷூ பெட்டிக்குப் போகாது.

இந்த மார்ச்சில் ஓய்வு பெற்றாள். கைப்பைக்குள் இருந்த ஸ்டிக்கர் தாள் ஓய்வு பெறவில்லை.

பூரணி சிறுமியாக இருந்தபோது இந்த அம்புகள் அம்மாவின் புடவையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். அவற்றை எடுத்து அவள் என் கதைகளில் ஒட்டுவாள். மூன்றாம் வகுப்பிலிருந்தே அவள்தான் என் முதல் வாசகி. "இந்த ஆளு ஏம்பா அழுவுறான்?" என்று கேட்பாள், அங்கே ஓர் அம்பு. "மொதல்ல மாடுன்னு சொன்ன, இப்ப எருமைன்ற" என்பாள், அங்கே ஓர் அம்பு. நான் அவசரமாகப் பிய்த்தால் தாள் கிழிந்துவிடும். எடுக்கும் முறையை எழிலரசிதான் மகளுக்குக் கற்றுக்கொடுத்தாள்.*

* அந்த முறையை இப்போது சொல்ல மாட்டேன். ஐந்தாம் பகுதிவரை பொறுங்கள்.

மகள் கிளாஸ்கோ போன பிறகும் வழக்கம் மாறவில்லை. கதையை போனில் அனுப்புவேன். தப்பு இருக்கும் இடங்களில் சிவப்பு அம்புக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவாள்.

4

இனி எழிலரசி சொன்னபடி.

மழைக்கு ஒதுங்க ஒரு ஷூ கடைக்குள் நுழைந்தாள். பூரணி கூட இல்லை. "அவ குடை வாங்க எதுத்த கடைக்குப் போய்ட்டா."

கடை முழுக்க வெளிச்சம். சுவர் முழுக்க ஷூ. இருபத்தொன்பது வருடக் கை சும்மா இருக்குமா? ஒன்றை எடுத்தாள், வளைத்தாள். இரண்டாவதை எடுத்தாள். நான்காவதில் பசை வழிந்திருந்தது. அதன் பிறகு என்ன நடந்தது என்று தனக்கே தெரியாது என்கிறாள். நினைவு வந்து பார்த்தால், அலமாரியில் ஏழு ஷூக்கள் சிவப்பு அம்போடு உட்கார்ந்திருக்கின்றன.

அந்த ஊரில் சிவப்பு ஸ்டிக்கர் என்றால் விலை குறைப்பு.

ஐந்து நிமிடத்தில் கல்லாப்பெட்டி முன்னால் வரிசை. அம்பு ஒட்டிய ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டியம்மா, ஒரு கல்லூரிப் பையன், நாயோடு ஒருவர். எல்லோருக்கும் ஒரே கேள்வி: இதற்கு எவ்வளவு குறைப்பீர்கள்? கல்லாவில் இருந்த பெண் விழிக்கிறாள். மேனேஜர் வந்தார்.

"கண்ணாடிய கழட்டுறாரு, மாட்டுறாரு. கழட்டுறாரு, மாட்டுறாரு. நான் தாள கையிலயே வெச்சிக்கினு நிக்கிறேன், திருடி மாதிரி."

வஜீதா வாயைப் பொத்திக்கொண்டு, "அய்யோ பேஜாரு! அப்பறம் இன்னாக்கா ஆச்சு?" என்றாள்.

"அந்தக் கடையில வேல பாக்குற ஒரு பொண்ணு வந்துச்சு. மேனேஜர்கிட்ட இன்னாமோ சொல்லிச்சு. அப்பறம் தரையில உக்காந்து ஏழு ஸ்டிக்கரையும் அதுவே எடுத்துச்சு. மேனேஜரு அம்பு இருந்த எடத்த ஒவ்வொண்ணா பாத்தாரு. ஏழுலயும் தப்பு இருந்துச்சில்ல? நேரா உள்ள போய்ட்டாரு."

எல்லோரும் இந்த இடத்தில் கைதட்டுவார்கள். நானும் மூன்று முறை தட்டினேன்.

5

நான்காவது முறை, தோழிகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களில் யோகலட்சுமி இன்னும் செக்கிங்கில்தான் இருக்கிறாள். மற்றவர்கள் கேட்காத கேள்வியை அவள் கேட்டாள்.

"ஸ்டிக்கர எடுத்தாங்களே, ஃபினிஷ் பிச்சிக்கினு வந்திருக்குமேக்கா?"

எழிலரசிக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒண்ணுத்துலயும் வரல. ரெண்டு வாட்டி வாயால சூடா ஊதினா. விரல வெச்சி அஞ்சு எண்ணினா. அம்போட வால்லேர்ந்து தூக்கினா. எடுத்த எடமே தெரியல!"

சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "டீ ஆறிப்போவுது, குடிங்க" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

இரண்டு முறை ஊதி, ஐந்து எண்ணி, வாலிலிருந்து. முனையிலிருந்து தூக்கினால் மேல்பூச்சு பிய்ந்து வரும். இது எங்கள் வீட்டுக் கூடத்தில், என் கதைத்தாள்களின் மேல், ஒரு சிறுமிக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட முறை. கிளாஸ்கோவில் இதை யார் அறிவார்?

(இங்கே ஒரு நல்ல எழுத்தாளன் அத்தியாயத்தை முடித்திருப்பான். எனக்கு இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது.)

எழிலரசி எனக்கு ஒரு ஜோடி பிரவுன் ஷூ கொண்டுவந்தாள். எட்டாம் நம்பர். பூரணி வாங்கிக்கொடுத்தது. இடது ஷூவில், கயிறு கோக்கும் ஓட்டைக்குக் கீழே ஒரு தையல் தவறியிருக்கிறது. பத்தொன்பது வருடம் செக்கிங்கில் இருந்தவள், தையல் தவறிய ஷூவைத் தெரிந்தே பெட்டியில் வைத்து ஐயாயிரம் மைல் தூக்கி வருவாளா? அது அந்த ஏழில் ஒன்று. கடையில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் அப்படிப்பட்ட ஷூ போகும்.

6

பூரணி கிளாஸ்கோவில் கம்ப்யூட்டர் கம்பெனி ஆபீசில் இருப்பதாகத்தான் எங்களிடம் சொல்லியிருந்தாள். எங்களிடம் என்றால், முக்கியமாக என்னிடம். ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்குக் கூப்பிடுவாள். என் முதல் கேள்வி எப்போதும் ஒன்றே: "ஆபீஸ் எப்பிடிம்மா போய்க்கினு இருக்குது?" அவள் ஒரு நொடி தாமதித்து, "நல்லா போவுதுப்பா" என்பாள். அந்த ஒரு நொடியை நான் இத்தனை நாளாக நெட்வொர்க் கோளாறு என்று நினைத்துவந்தேன்.

இந்தப் பாத்திரம் எனக்கு முதலில் பிடிபடவில்லை. ஏன் மறைக்கிறாள்? ஷூ விற்பது என்ன திருட்டா? இப்படி எழுதிப் பார்த்தேன்:

வெளிநாட்டு மோகத்தில் பெற்றோரை ஏமாற்றும் இன்றைய தலைமுறையின்

(சீ. அடித்தாயிற்று.)

உண்மையான காரணத்தை எழுதுகிறேன். காரணம் நான்தான்.

என் அப்பா தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவர். பள்ளிக்கூடத்தில் என் சட்டையில் அந்த வாடை இருக்கிறது என்று பக்கத்துப் பையன்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். அது எனக்குள் ஆறவேயில்லை. பூரணி டிகிரி முடித்த வருடம், அம்மா இருந்த கம்பெனியிலேயே டிசைன் பிரிவில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவளுக்கு ஆசை. நான் கத்தினேன். "என் பொண்ணு செருப்பத் தொடக் கூடாது!" எழிலரசி அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்திருந்தாள். விரல்களில் பசை. அவள் முன்னாலேயே கத்தினேன். அவள் கை கழுவப் போனாள். நான் எழுதிய எதையும்விட, நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காக வெட்கப்படுகிறேன்.

அந்த மகள் ஐயாயிரம் மைல் தள்ளிப் போயும் ஷூவைத்தான் தொட்டிருக்கிறாள். என்னிடம் சொல்லத்தான் முடியவில்லை.

7

முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ) மேனேஜர் பூரணியை வேலையை விட்டு நீக்குகிறார்.

(இதை எழுதியதும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். வேண்டாம். ஆனால் நடந்திருக்கலாம். என்னைப் பிடித்து உலுக்குவது இந்தப் பயம்தான்.)

ஆ) மேனேஜர் எழிலரசியின் கையைப் பிடித்துக் குலுக்கி, "எங்கள் கம்பெனிக்கு

(சினிமா.)

இ) அம்மாவும் மகளும் கடையை விட்டு வெளியே வருகிறார்கள். ஒரே குடை. மழை பக்கவாட்டில் தூவுகிறது.

"எத்தினி மாசமாடி?"

"எட்டு மாசம்மா. ஆபீஸ் வேல கெடைக்கல. இங்க கேட்டேன், கூப்ட்டாங்க. எனக்குப் புடிச்சிருக்குதும்மா."

"அதுக்குத்தான் குடை வாங்கப் போறப்ப, இந்தக் கடைக்குள்ள மட்டும் போவாதன்னு கையப் புடிச்சி இழுத்தியா?"

"அப்பாகிட்ட சொல்லிடுவியா?"

"அம்பு ஒட்டினத சொல்லுவேன். ஒரு பொண்ணு எடுத்தான்னு சொல்லுவேன். பொய்யா அது?"

"இல்ல."

"அப்பறம் இன்னா. வா, அவருக்கு ஸ்வெட்டர் பாக்கலாம்."

இந்த உரையாடலை நான் கேட்கவில்லை. என் கற்பனை. ஆனால் எழிலரசியோடு முப்பது வருடம் குடித்தனம் செய்தவனின் கற்பனை.

நேற்று மதியம் நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து இதுவரை எழுதியதை எல்லாம் படித்துக்கொண்டிருந்தாள். ஆறாம் பகுதியில் நிறைய நேரம் நின்றாள். நான் கதவோரம் நின்றேன்.

"கை கழுவப் போனதெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கியா நீ" என்றாள். அவள் என்னிடம் ஒருமையில் பேசுவது வருடத்துக்கு ஒரு முறை நடக்கும்.

"தப்புதான் எழிலு."

அவள் தலையாட்டினாள். தப்பில்லை என்று சொல்லவில்லை. பிறகு ஏழாம் பகுதிக்கு வந்து, மூன்றாவது முடிவைப் படித்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வேல போயிடலையே?" என்றேன்.

"அத ஏன் என்னைக் கேக்குற? நான் சொல்ல மாட்டேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்துட்டேன். அவளே சொல்லட்டும். நீ அவளுக்குத்தான அனுப்புவ?"

8

ஆமாம். வழக்கம்போல முதலில் அவளுக்குத்தான்.

ஆகவே வாசகரே, நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள். இதன் முடிவு உங்கள் கையில் இல்லை, என் கையிலும் இல்லை.

பூரணி, இந்தக் கதையில் எங்கே தப்பு இருக்கிறதோ அங்கே அம்பு போட்டு அனுப்பு. நான் பார்க்காத ஊரைப் பற்றி எழுதியிருக்கிறேன், நிறைய இருக்கும். நாய் வைத்திருந்தவர் என் கைச்சரக்கு, அங்கே தாராளமாகப் போடு. ஐந்தாம் பகுதியில் நான் போட்ட கணக்கு முழுக்க ஊகம். அது தப்பென்றால் ஓர் அம்பு போதும், கதையைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன். அம்பு இல்லாமல் திரும்பி வந்தால் புரிந்துகொள்வேன்.

ஆறாம் பகுதியில் நீ அம்பு போட்டாலும் போடாவிட்டாலும் அந்தத் தப்பு என்னுடையது. அது தைத்தே ஆக வேண்டிய தையல்.

அந்த பிரவுன் ஷூவைப் போட்டுக்கொண்டுதான் இன்றைக்குப் பள்ளிக்கூடம் போனேன். ஆம்பூரிலும் மழை. தையல் தவறிய இடத்தைக் கண்ணாடி போட்டுத் தேடிப் பார்த்தேன், அம்பு எடுத்த தடயமே இல்லை. அவ்வளவு சுத்தமான கை உனக்கு, கண்ணு. ஹெட்மாஸ்டர் ஷூவைப் பார்த்து, "புதுசா சார்?" என்றார். "என் பொண்ணு ஷூ கடையில இருக்குறா, அவ குடுத்தது" என்றேன். முதல் தடவை என்பதால் குரல் கொஞ்சம் தடுமாறியது. அடுத்த தடவை சரியாக வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கூப்பிடு. "ஆபீஸ் எப்பிடிம்மா?" என்று கேட்க மாட்டேன். "கடையில கூட்டமாம்மா?" என்று கேட்கலாமா?